கீசரில் சரியாக வரும் கணக்கு பல்பிலும் மோட்டாரிலும் ஏன் உதைக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒரு மல்டிமீட்டரும், ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரும் வாங்கி, வீட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக அளந்து பார்த்திருக்கிறார். கீசர் மேல் 230 வோல்ட், 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. ப்ளக்கைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் வைத்துப் பார்த்தால் 27.1. ஓடவிட்டபோது அதே ஸ்விட்ச் பாக்ஸில் பக்கத்து சாக்கெட்டில் 208 வோல்ட், கரண்ட் 7.6 ஆம்பியர், கீசரை அணைத்தால் அங்கேயே 216 வோல்ட். பழைய 100 வாட்ஸ் குண்டு பல்ப் ஒன்று 40 ஓம் காட்டுகிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் 1300 வாட்ஸுக்கு மேல் போய்விடுகிறது. ஒரு ஹெச்பி தண்ணீர் மோட்டாரில் ஓம் வைத்தால் 3.5, ஓடும்போது 205 வோல்ட், 6.8 ஆம்பியர், பெருக்கினால் 1394. ஒரு ஹெச்பி என்றால் 746 வாட்ஸ்தானே என்று கேட்கிறார். ரெசிஸ்டன்ஸும் பவரும் கண்டுபிடிக்க எந்த ஃபார்முலா சரி, இல்லை மீட்டர்தான் பொய் சொல்கிறதா என்பது கேள்வி.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கொடுத்த எண்கள் அத்தனையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, அளந்த விதமும் பெரும்பாலும் சரி. ஃபார்முலாவும் தப்பில்லை. ஒரு நேரத்தில் எடுத்த எண்ணை வேறு நேரத்து எண்ணோடு சேர்த்தால்தான் உதைக்கிறது: குளிர்ந்து கிடக்கும்போது எடுத்த ஓமையும், சூடாகி ஓடும்போது வரும் வோல்டையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டீர்கள். நான் ஒயரிங் வேலையில் இருந்துவிட்டு அப்புறம் ஐடிஐ-யில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுத்தவன். ஃபார்முலாவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பையன்கள் மீட்டரைக் கையில் கொடுத்ததும் தடுமாறுவது இதே இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கீசரை எடுத்துக்கொள்வோம். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். மனப்பாடம் செய்ய வேண்டியது இந்த இரண்டுதான். ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்குவது, வோல்டின் வர்க்கத்தை ஓமால் வகுப்பது எல்லாம் ஒன்றை இன்னொன்றில் வைத்துப் பார்த்தால் தானாக வருபவை. ஓடும்போது 208 வோல்ட், 7.6 ஆம்பியர். வகுத்தால் 27.4 ஓம், பெருக்கினால் ஏறக்குறைய 1580 வாட்ஸ். அந்த நிமிடத்தில் உங்கள் கீசரின் உண்மையான ரெசிஸ்டன்ஸும் பவரும் இவைதான், 2000 இல்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றும் அர்த்தமில்லை. 2000 வாட்ஸ் என்பது 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால் என்கிற வாக்கு. 230-ன் வர்க்கம் 52900, அதை 2000-ஆல் வகுத்தால் 26.45 ஓம். உங்கள் எலிமென்ட் 27.4. ஹீட்டர் சாமான்களுக்குப் பெயர்ப்பலகையில் போட்ட வாட்ஸிலிருந்து 5 சதவீதம் கூடவும் 10 சதவீதம் குறையவும் தர நிர்ணயங்கள் இடம் கொடுக்கின்றன, அதன்படி 25-லிருந்து 29 ஓம் வரை எது இருந்தாலும் அது நல்ல எலிமென்ட்தான். ஆக உங்கள் கீசரில் கோளாறு எதுவும் இல்லை, வோல்டேஜ்தான் பத்தவில்லை.

வோல்டேஜ் குறைவது எப்படிப் பவரை அடிக்கிறது என்று பாருங்கள். 230-லிருந்து 208-க்கு வந்தது பத்து சதவீதத்துக்கும் குறைவான இறக்கம், ஆனால் பவர் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் கூடவே குறைகிறது, இரண்டையும் பெருக்கும்போது அடி இரண்டு முறை விழுகிறது. இங்கே ஒரு நப்பாசையையும் தீர்த்துவிடுகிறேன்: வோல்டேஜ் குறைவாக இருந்தால் பில் குறையும் என்று சிலர் நம்புகிறார்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுபோக சுமார் 1880 கிலோஜூல் வேண்டும், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 2000 வாட்ஸில் அது கால் மணி நேரத்துக்கு ஒட்டி முடியும், உங்கள் 1580-ல் இருபது நிமிடம் ஆகும். யூனிட் ஒன்றேதான். சொல்லப்போனால் கூடுதலாக நிற்கும் அந்த நேரத்தில் டேங்க்கிலிருந்து வெளியே போகும் சூட்டுக்கும் சேர்த்து கொஞ்சம் அதிகமாகவே ஓடும்.

சரி, ப்ளக்கில் 27.1 காட்டியது, ஓடும்போது 27.4 வந்தது, இந்த வித்தியாசம் என்ன? முதலில் உங்கள் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஓம் நிலையில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராது; 0.2, 0.3 என்று ஏதோ காட்டும், அது மீட்டர் ஒயரின் சொந்த ரெசிஸ்டன்ஸ். அதைக் கழித்தால் எலிமென்ட் குளிர்ந்த நிலையில் 26.8 என்று வைத்துக்கொள்ளலாம். சூடானதும் 27.4, இரண்டு சதவீத ஏற்றம். எலிமென்ட்டுக்குள் இருப்பது நிக்ரோம் கம்பி. நிக்கலும் குரோமியமும் கலந்த இந்த உலோகத்தை ஹீட்டருக்கு எடுப்பதன் காரணங்களில் ஒன்றே சூடு ஏறினாலும் ரெசிஸ்டன்ஸ் பெரிதாக அசையாது என்பதுதான். நன்றாகச் சிவக்கும் அளவுக்குச் சூடானாலும் சில சதவீதத்துக்குள் நிற்கும். அதனால்தான் கீசர், அயர்ன் பாக்ஸ், தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு இவற்றில் எல்லாம் ப்ளக்கில் ஓம் வைத்துக் கணக்குப் போட்டாலே போதும். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 53 ஓம், 1500 வாட்ஸ் ராடு 35 ஓம், இப்படி மெக்கானிக் கடையில் ஓம் பார்த்தே எத்தனை வாட்ஸ் என்று சொல்லிவிடுவார்கள்.

பல்பு அப்படியில்லை. அங்கே இருப்பது டங்ஸ்டன், அது ஏறக்குறைய 2500 டிகிரி செல்சியஸில் வெள்ளையாக எரிகிறது. டங்ஸ்டன் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் குளிர்ந்த ரெசிஸ்டன்ஸில் சுமார் 0.45 சதவீதம் கூட்டிக்கொண்டே போகும். டிகிரிக்கு அரை சதவீதம் என்பது கேட்கச் சின்னது. ஆயிரக்கணக்கான டிகிரிக்குப் போட்டால் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று போய்விடும். 100 வாட்ஸ் பல்பு 230 வோல்டில் 0.43 ஆம்பியர் இழுக்கும், வகுத்தால் 529 ஓம். நீங்கள் அளந்தது 40. இரண்டும் உண்மை, ஒன்று பல்பு தூங்கும்போது, இன்னொன்று எரியும்போது. மல்டிமீட்டர் ஓம் நிலையில் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில் ஒரு துளி கரண்ட், அது ஃபிலமென்ட்டை எழுப்பவே எழுப்பாது.

அந்த 40 ஓம் வீணான எண்ணும் இல்லை. நீங்கள் போட்ட 1300 வாட்ஸ் கணக்கு ஸ்விட்ச் போட்ட அந்த முதல் கணத்துக்குப் பொருந்தும். ஐந்தாறு ஆம்பியர் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, கண் சிமிட்டுவதற்குள் ஃபிலமென்ட் சூடாகி 0.43-க்கு இறங்கிவிடுகிறது. குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே பட்டென்று போவது எதனால் என்று இப்போது தெரியும். இன்னொரு சோதனை: ஒரே மாதிரியான இரண்டு 100 வாட்ஸ் பல்பை சீரியஸில் மாட்டி கரண்ட் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்டேஜ், அதனால் பாதி கரண்ட், 0.22 ஆம்பியர் வரும் என்று கணக்கு சொல்லும். வருவதோ 0.3-க்குப் பக்கத்தில். பாதி வோல்டேஜில் ஃபிலமென்ட் அவ்வளவு சூடாவதில்லை, ரெசிஸ்டன்ஸும் இறங்கிவிடுகிறது. மெக்கானிக் கடைகளில் சீரியஸ் லாம்ப் என்று ஒரு பலகை வைத்திருப்பார்களே, ரிப்பேருக்கு வந்த சாமானை அந்தப் பல்பு வழியாகத்தான் முதலில் கொடுப்பார்கள். சாமான் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கரண்ட் அரை ஆம்பியரைத் தாண்டாது, ஃபியூஸும் போகாது. சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் ஏறும் அந்தக் குணத்தை வைத்துப் பிழைக்கிற பலகை அது.

ஓம் விதி என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்களே என்று பையன்கள் கேட்பார்கள். வோல்டை ஆம்பியரால் வகுத்து ஒரு எண் எடுப்பது எந்தச் சாமானுக்கும் எப்போதும் முடியும், அதற்குத் தடையில்லை. அந்த எண் மாறாமல் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் விதி. அது சில பொருளுக்கு, அதுவும் வெப்பநிலை மாறாத வரைக்கும்தான். இந்த விதியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஜார்ஜ் சைமன் ஓம். 1827-ல் புத்தகமாகப் போடும் முன் அவர் பட்ட பாடு நீங்கள் சாக்கெட்டில் பார்த்ததேதான்: அந்தக் கால பேட்டரியில் கம்பியை மாட்டினால் வோல்டேஜ் தொய்ந்துவிடும், அளக்க அளக்க மாறிக்கொண்டே இருக்கும். பிறகு போகென்டார்ஃப் என்ற இன்னொரு ஜெர்மன் விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி பேட்டரியை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த வெப்ப இணைப்புக்கு மாறினார்; ஒரு முனை கொதிக்கும் தண்ணீரில், இன்னொன்று பனிக்கட்டியில். அதன் வோல்டேஜ் மிகச் சிறியது, ஆனால் அசையாது. அதற்கப்புறம்தான் கணக்கு நின்றது. பவர் பக்கத்து வேலையைச் செய்தவர் இங்கிலாந்தில் ஜூல் என்ற விஞ்ஞானி. கம்பியைச் சுருட்டித் தண்ணீருக்குள் வைத்து, கரண்ட் அனுப்பி, தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்து, சூடு கரண்டின் வர்க்கத்துக்கும் ரெசிஸ்டன்ஸுக்கும் ஏற்ப வருகிறது என்று 1841-ல் வெளியிட்டார். உங்கள் பாத்ரூமில் தொங்குவது ஏறக்குறைய அதே சோதனைதான்.

இனி மோட்டார். இங்கே இரண்டு சிக்கல் ஒன்றாகக் கிடக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும். 746 வாட்ஸ் என்பது மோட்டார் ஷாஃப்ட்டில் கொடுக்கும் வேலை, லைனிலிருந்து இழுப்பது இல்லை. சின்ன சிங்கிள் பேஸ் மோட்டார்களில் இழுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காயில் சூட்டிலும் இரும்பிலும் பேரிங்கிலும் போவது சாதாரணம். இரண்டாவது, ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் வீட்டுக் கரண்டில், வோல்டும் ஆம்பியரும் பெருக்கி வருவதை அப்படியே வாட்ஸ் என்று சொல்ல முடியாது. கீசர் மாதிரி வெறும் ரெசிஸ்டன்ஸாக இருந்தால் வோல்டேஜ் ஏறும்போதே கரண்டும் ஏறும், சொல்லலாம். மோட்டார் காயிலில் கரண்ட் கொஞ்சம் பின்தங்கி வருகிறது, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி கரண்ட் போய்விட்டுச் சும்மா திரும்பி வருகிறது. ஒயரைச் சூடாக்கும், வேலை செய்யாது. நீங்கள் பெருக்கிய 1394 வோல்ட் ஆம்பியர். அதில் எவ்வளவு பங்கு நிஜமாக வேலை செய்கிறது என்று சொல்லும் எண்தான் பவர் ஃபேக்டர், அதால் பெருக்கினால்தான் வாட்ஸ். அந்த பவர் ஃபேக்டர் எவ்வளவு என்று கிளாம்ப் மீட்டரையும் மல்டிமீட்டரையும் மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை. இங்கே நானும் ஊகம்தான் சொல்ல முடியும்: கெப்பாசிட்டர் எப்போதும் லைனில் இருக்கிற மோட்டாராக இருந்தால் 0.8-லிருந்து 0.95-க்குள் எங்கோ இருக்கும். கெப்பாசிட்டர் வலுவிழந்திருந்தால் அதற்கும் கீழே போகும்.

ஊகம் வேண்டாம் என்றால் நம் வீட்டு ஈபி மீட்டரே இருக்கிறது, அது நிஜ வாட்ஸைத்தான் எண்ணுகிறது. அதன் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று, 1600 அல்லது 3200 மாதிரி ஏதாவது அச்சடித்திருக்கும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள். 3200 போட்ட மீட்டரில் 62 வந்தது என்று வைத்துக்கொண்டால், 62-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுக்க 1.16 கிலோவாட். அதை 1.394-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.83. மோட்டார் முழு லோடில் 746 கொடுக்கிறது என்றால் திறன் 64 சதவீதம், நம்பும்படியான எண். இந்த 62 நான் உதாரணத்துக்கு வைத்தது, உங்கள் மீட்டரில் எண்ணிப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கீசருக்கும் இதையே செய்யலாம், 1580 வாட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 84 வரை வர வேண்டும். ஒத்து வந்தால் உங்கள் கிளாம்ப் மீட்டரை நம்பலாம். காசு செலவில்லாமல் மீட்டரைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அந்த 3.5 ஓம்? அது காயில் செம்பின் ரெசிஸ்டன்ஸ், டிசியில், அதாவது ஒரே திசையில் ஓடும் மீட்டர் பேட்டரி கரண்டில் அளந்தது. 205-ஐ 3.5-ஆல் வகுத்தால் 58 ஆம்பியர் என்று பயமுறுத்தும். ஓடும் மோட்டாரை அந்த ஓம் கட்டுப்படுத்துவதில்லை, சுற்றும் காந்தப் புலம் காயிலுக்குள் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, அதுதான் கரண்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் மோட்டாரில் ஓம் பார்ப்பது காயில் அறுந்திருக்கிறதா, ரீவைண்டிங்கில் ஏதாவது ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான், வாட்ஸ் கணக்குக்கு உதவாது. அப்புறம் ஒன்று, வோல்டேஜ் குறைந்தால் கீசரில் கரண்ட் குறையும் என்றேனே, மோட்டாரில் தலைகீழ். தூக்க வேண்டிய தண்ணீர் அதே தண்ணீர், அந்த வேலையைக் குறைந்த வோல்டேஜில் செய்ய அது கூடுதல் கரண்டை இழுக்கும். லோ வோல்டேஜில் மோட்டார் ஓட்டாதே என்று பெரியவர்கள் சொல்வது இதற்குத்தான். காயிலில் சூடு கரண்டின் வர்க்கமாக ஏறுகிறது, ரீவைண்டிங் கடைக்காரருக்கு வேலை வந்துவிடுகிறது.

எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், டிவி இவற்றில் ஓம் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே டயோடும் கெப்பாசிட்டரும் இருக்கின்றன, மீட்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

மீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. கிளாம்ப் மீட்டரை ஒரே ஒரு ஒயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும், நீங்கள் அப்படித்தான் செய்திருப்பீர்கள், இல்லாவிட்டால் 7.6 வந்திருக்காது. பேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு பூஜ்யம் காட்டும். விலை குறைந்த கிளாம்ப் மீட்டரில் இரண்டு மூன்று சதவீதப் பிழை இருக்கவே செய்யும், அதனால் உங்கள் 1580-ஐ 1540-க்கும் 1620-க்கும் நடுவே என்று வைத்துக்கொள்ளுங்கள், கால்குலேட்டர் 1580.8 என்று காட்டுகிறதே என்று அந்தப் புள்ளி எட்டை நம்ப வேண்டாம். எல்இடி, இன்வெர்ட்டர், ரெகுலேட்டர் வழியாகப் போகும் ஃபேன் இவற்றில் கரண்டின் அலை வடிவமே கோணலாக இருக்கும், அங்கே ட்ரூ ஆர்எம்எஸ் என்று போட்ட மீட்டர் இல்லாவிட்டால் பிழை இன்னும் கூடும். ஓம் பார்ப்பது எப்போதும் ப்ளக்கைக் கழற்றிய பின்தான், கரண்ட் இருக்கும் இடத்தில் ஓம் வைத்தால் மீட்டர் போகும். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஆம்பியர் துளையில் சொருகியபடியே சாக்கெட்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கலாம். கீசர் எலிமென்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டர் ஒன்றும் காட்டவில்லை, அதனால் லீக்கேஜ் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். மீட்டர் கொடுப்பது சில வோல்ட், லீக்கேஜ் சில சமயம் 230 வோல்ட் ஏறினால்தான் தலைகாட்டும். அதற்கு 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் என்ற மீட்டர்தான் வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. உங்கள் அளவீடுகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது கீசரை அணைத்தால் 216, போட்டால் 208 என்ற அந்த எண்தான். 8 வோல்ட் வழியில் எங்கோ தங்கிவிட்டது. அதே வகுத்தல்தான்: 8-ஐ 7.6-ஆல் வகுத்தால் ஒரு ஓமுக்குச் சற்று மேல். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் பாத்ரூம் வரை உள்ள கம்பி, ஜாயின்ட், ஸ்விட்ச் எல்லாவற்றின் மொத்த ரெசிஸ்டன்ஸ் அது. பெருக்கினால் 61 வாட்ஸ், கீசர் ஓடும் வரை அவ்வளவு சூடு வழியெங்கும் சிந்துகிறது. தெருவில் நீளமாக விரிந்து சிந்தினால் பரவாயில்லை. சுவருக்குள் ஒரே ஜாயின்ட்டில் சிந்தினால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

எங்கே என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. மெயின் போர்டில், ஈபி மீட்டருக்கு அடுத்து வரும் மெயின் ஸ்விட்சின் வெளிவரும் பக்கத்தில், கீசர் அணைந்திருக்கும்போதும் ஓடும்போதும் வோல்டேஜ் பார்க்க வேண்டும். இதை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை வைத்துச் செய்யுங்கள், திறந்த போர்டில் கை வைக்கிற வேலை இது. அங்கேயும் 216-லிருந்து 209-க்கு விழுந்தால் கோளாறு வெளியே, சர்வீஸ் ஒயரிலோ கம்பத்திலோ. அங்கே 213-தான் வருகிறது என்றால் 3 வோல்ட் வெளியே, 5 வோல்ட் வீட்டுக்குள். அந்த 5 வோல்டை ஒயரின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 1000 மீட்டருக்கு 19.5 ஓம், 1.5 என்றால் 13.3, 2.5 என்றால் 8, 4 என்றால் 5. போர்டிலிருந்து பாத்ரூம் 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் அதிலேயே நாலரை வோல்ட் போய்விடும். அப்படியென்றால் ஜாயின்ட்டில் பிரச்சினை இல்லை, கீசர் லைனுக்கு லைட் ஒயரை இழுத்துவிட்ட கதை. ஒயர் 2.5 என்றால் 1.8 வோல்ட்தான் விழ வேண்டும். மீதி 3.2 வோல்ட் ஏதோ ஸ்க்ரூவிலோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டிலோ இருக்கிறது, 7.6 ஆம்பியரில் அது 24 வாட்ஸ். ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அப்படி ஒன்றைச் சுவருக்குள் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தினமும் இருபது நிமிடம் போட்டு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

நீங்கள் பக்கத்து சாக்கெட்டில் வோல்டேஜ் பார்த்ததால் கீசர் ப்ளக்குக்கும் அதன் சாக்கெட்டுக்கும் நடுவே விழுவது இந்தக் கணக்கில் வரவே இல்லை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். குளித்து முடித்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு ப்ளக்கை உருவி, பின்களைத் தொடாமல் ப்ளக்கின் உடம்பை மட்டும் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத சூடோ, பின் ஒன்று மட்டும் கறுத்திருப்பதோ, சாக்கெட் துளையைச் சுற்றி மஞ்சள் பாய்ந்திருப்பதோ தெரிந்தால் இன்றே ப்ளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து 16 ஆம்பியரில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதன் தளர்ந்த பிடி புதியதையும் எரித்துவிடும்.

ஒயர்தான் சின்னது என்று தெரிந்தால், போர்டிலிருந்து கீசருக்கு எந்த ஜாயின்ட்டும் இல்லாமல் தனியாக 2.5, தூரம் அதிகம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், கூடவே எர்த் ஒயர், அதற்கென்று தனி எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச். வேலை முடிந்ததும் ஒயர்மேன் கிளம்புவதற்கு முன்பே அதே இரண்டு அளவையும் எடுங்கள், கீசர் இல்லாமல் ஒன்று, ஓடும்போது ஒன்று. போர்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே விழுவது 2 வோல்டுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு ஸ்க்ரூ இன்னும் இறுகவில்லை, அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளியே விழும் 3 வோல்டுக்கு ஒயர்மேன் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கீசர் போடாதபோதே 216-தான் என்பதால், மாலையில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெயின் போர்டில் எவ்வளவு வருகிறது என்று சில நாள் எழுதி வையுங்கள். 200-க்குக் கீழே போகிறது என்றால் அந்தத் தாளோடு உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வோல்டேஜ் கம்மி என்று வெறும் வாயால் சொல்வதைவிட, நேரம் போட்டு எண் எழுதிய தாளுக்கு அங்கே மதிப்பு அதிகம்.